ஆற்றங்கரை வீட்டுச் சைக்கிள்

ஆரணி
23.6.2024

மதிப்பிற்குரிய தீபா அத்தைக்கு,

வணக்கம். நான் உங்கள் அண்ணன் பாலுவின் மகள் தேவிப்ரியா, பதினொன்றாம் வகுப்பு. நீங்கள் என்னைப் பார்த்ததே இல்லை. நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முகவரியை வேணுகோபால் தாத்தாவின் பழைய டைரியிலிருந்து எடுத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. உங்கள் பெயரை எடுத்தாலே, "என்னைக் கேக்காம கல்யாணம் கட்டிக்கினு போனவ, அந்தப் பேச்சு வேணாம்" என்பார்.

நேற்று நெய்து முடித்த சேலையைக் கொடுக்க அப்பாவோடு சிவகுமார் முதலாளி கடைக்குப் போனேன். எங்கள் தறிக்குப் பாவு நூலும் பட்டும் அவர்தான் தருகிறார். அவர் அறையில் புதிதாகச் சட்டம் போட்ட ஓர் ஓவியம். அடிச்சட்டத்தில் அவர் கையெழுத்தில், 'என் முதல் ஓவியம், சிவகுமார், 1998'. ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஓட்டு வீடு, சாய்ந்த பனைமரம், வாசலில் ஒரு பெண், சுவரில் சாய்த்த சைக்கிள்.

அத்தை, அந்த வீட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் டிரங்குப் பெட்டியில் உங்கள் தாவரவியல் ரெக்கார்டு நோட்டு இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வரைந்த அதே வீடு, அதே பனை, அதே பெண். ஆனால் முதலாளியின் படத்தில் எல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது. சைக்கிளின் கைப்பிடி நமக்கு இடது பக்கம் பார்க்கிறது, சங்கிலியும் நம் பக்கமே தெரிகிறது. அப்படியென்றால் சங்கிலி சைக்கிளின் இடப்பக்கத்தில் இருக்கிறது. எந்த சைக்கிளில் அப்படி இருக்கும்? அந்தப் பெண்ணின் முந்தானை வலது தோளில் கிடக்கிறது. படத்தின் இடது கீழ் மூலையில் ஒரு விரல் அகலத்துக்குத் தாள் மெலிந்து வெளுத்திருக்கிறது.

"யார் வரைந்தது?" என்று கேட்டேன். "நான்தாம்மா, உன் வயசுல. இதைக் காட்டித்தான் மெட்ராசுல டிசைன் படிக்க எடம் வாங்கினேன்" என்றார் முதலாளி. அப்பா தரையைப் பார்த்தபடி, "ஜல்தியா வா, டயமாவுது" என்றார்.

அது உங்கள் படமா, அத்தை?

பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். கிளை நூலகத்தில் வேலை பார்க்கும் சாவித்திரி அக்கா பெயருக்கு அனுப்புங்கள். எனக்காக எடுத்து வைப்பார்.

மரியாதையுடன்,
தேவிப்ரியா


வெம்பாக்கம்
14.7.2024

அன்புள்ள தேவிப்ரியா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நானும் உன் மாமா வெற்றிச்செல்வனும் சுகம். வேர்க்கடலை களையெடுப்பு நடக்கிறது. நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன்.

பழைய விஷயம். விட்டுவிடு. பதினொன்றாம் வகுப்பு சுலபம் என்று நினைக்காதே.

அண்ணனுக்கு வலது கையில் வலி என்று கேள்விப்பட்டேன். எப்படி இருக்கிறது? தறியில் உட்கார முடிகிறதா? உன் அம்மா ஜெயம் அண்ணியை நான் விசாரித்ததாகச் சொல்லாதே. மனதில் மட்டும் வைத்துக்கொள்.

அன்புடன்,
தீபா

பின்குறிப்பு: இருபத்தாறு வருடத்தில் அந்தச் சைக்கிளை வேறு யாரும் கவனித்ததில்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.


ஆரணி
18.7.2024

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அப்பாவுக்குக் காலையில் விரல்கள் மடங்குவதில்லை. அம்மா எண்ணெய் தேய்த்துவிட்ட பிறகு தறியில் உட்காருகிறார்.

'என் படம் இல்லை' என்று நீங்கள் எழுதவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். பள்ளிச் சைக்கிள் நிறுத்தத்தில் நாற்பத்து மூன்று சைக்கிள்களைப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் சங்கிலி வலப்பக்கம்தான். காவலாளி, "இன்னாம்மா, காத்து புடுங்க வந்தியா?" என்று விரட்டினார்.

இரண்டே கேள்விகள். ஏன் திருப்பி வரைந்தீர்கள்? அது முதலாளி கைக்கு எப்படிப் போனது?

புத்தகங்களில் தப்பு செய்தவர்கள் கடைசிப் பக்கத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். இவர் மட்டும் ஏன் சட்டம் போட்டு மாட்டிவைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும்? நான் சும்மா இருக்கப் போவதில்லை. இதைச் சபதமாகவே எழுதுகிறேன்.

உங்கள்,
தேவிப்ரியா


வெம்பாக்கம்
1.9.2024

அன்புள்ள தேவி,

நலம்தானே? ஆறு வாரமாக எழுதவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

படம் என்னுடையது. சாயம் போட்ட பட்டு நூலை அலச ஆற்றுக்குப் போவேன். எதிர்க்கரையில் அந்த வீடு இருந்தது. பென்சிலில் முதலில் பார்த்தபடியே வரைந்தேன். பிறகு அதை ஒரு முந்தானையில் நெய்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. நம் வீட்டுத் தறியில் சேலையின் முகம் கீழே பார்த்திருக்கும் என்பது உனக்குத் தெரியும். உட்கார்ந்து நெய்கிறவர் பார்ப்பது அதன் முதுகை. முகம் எப்படி வருகிறது என்று பார்க்கத்தான் தறிக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருப்போம். அதனால் வண்ணத்தில் வரைந்தபோது எல்லாவற்றையும் திருப்பி வரைந்தேன். நெய்தால் முகத்தில் சரியாக விழும். என் பெயரைக்கூட மூலையில் திருப்பித்தான் எழுதினேன். உன் தாத்தா மிச்ச நூலில் ஒரு சாண் அகலம் நெய்துகொள்ளச் சொன்னார்.

சென்னையில் டிசைன் படிப்புக்கான நேர்காணல் ஒரு திங்கட்கிழமை. சொந்தப் படம் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை பெட்டியைத் திறந்தேன், படம் இல்லை. வெறுங்கையோடு போனேன். "என்ன கொண்டுவந்திருக்கிறாய்?" என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். அந்த இடம் யாருக்குக் கிடைத்தது என்று மறுவாரம் தெரிந்தது. அதன் பிறகு நான்கு வருடம் அதே தறியில் உட்கார்ந்தேன். ஒரு கோடுகூட வரையவில்லை. இன்றுவரை இல்லை.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல.

அண்ணன் கைக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அன்புடன்,
தீபா


ஆரணி
9.9.2024

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நலமறிய ஆவல். உங்கள் கடிதத்தை நூலகத்திலேயே படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்த சாவித்திரி அக்கா, "இன்னா, கதையில யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றார்.

இப்போது முக்கியமான செய்தி. ஜனவரியில் எங்கள் பள்ளி ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் சிவகுமார் முதலாளி! 'என் முதல் ஓவியம்' என்று பேசப்போகிறார், படத்தையும் மேடைக்குக் கொண்டுவருகிறார். மாணவர்கள் கேள்வி கேட்கலாமாம். இலக்கிய மன்றச் செயலாளர் என்பதால் முதல் கேள்வி என்னுடையது.

ஒரே ஒரு பயம். எங்கள் தறியில் இருப்பது அவர் கொடுத்த பாவு. போன வாரம் கூலி பற்றிப் பேச்சு வந்தபோதே அம்மா, "அவரைப் பகைச்சிக்கினா பேஜாருதான், அப்புறம் தறி காலியாத்தான் கெடக்கும்" என்றார். ஆனாலும் இருபத்தாறு வருடம் கழித்து இப்படி ஒரு மேடை தானாக அமைகிறது, அத்தை. நீங்கள் சம்மதித்தால் செய்கிறேன்.

உங்கள்,
தேவிப்ரியா


வெம்பாக்கம்
12.9.2024

அன்புள்ள தேவி,

சுகம். உன் கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன். செய்.

கோபமாகக் கேட்காதே. எங்கே உட்கார்ந்து வரைந்தார் என்று கேள். பார்த்ததில் எதையாவது மாற்றினாரா என்று கேள். அவர் வாயாலேயே இல்லை என்று சொல்லட்டும். அதற்குப் பிறகுதான் சைக்கிள். கண்ணாடியை எடுத்துப் போ. நெசவுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் நீ எதையும் விளக்கவே வேண்டாம். பென்சில் படம் நோட்டிலேயே இருக்கட்டும். அன்று நான் நெய்த துண்டைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அதைக் கடைசியில் காட்டு.

பாவு நின்றால் முள்ளிப்பட்டில் அய்யாக்கண்ணு இருக்கிறார். உன் தாத்தாவுக்கு வேண்டியவர், வேறு இடத்தில் வேலை வாங்கித் தருவார்.

விழாவுக்கு அண்ணன் வருவாரா? கை வலி என்று வீட்டிலேயே இருந்துவிடப் போகிறார். எப்படியாவது அழைத்து வா. முன் வரிசையில் உட்கார வை.

அன்புடன்,
தீபா


ஆரணி
15.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வால் தாமதம், மன்னியுங்கள். மாமா நலமா?

துண்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. அதில் ஆறு சரியாக ஓடுகிறது, முந்தானை இடது தோளில் இருக்கிறது, சங்கிலி வலப்பக்கம்! ஒரு சாணுக்குள் எப்படி அத்தை ஒரு சைக்கிளையே நெய்தீர்கள்?

அப்பா முதலில் விழாவுக்கு வரமாட்டேன் என்றார். எனக்கு வாசிப்புப் போட்டியில் பரிசு என்று சொன்னேன். அது உண்மைதான், மூன்றாம் பரிசு. "அப்போ வரேன்" என்று வெள்ளைச் சட்டையைத் துவைக்கப் போட்டார்.

ஒரு விஷயம் புரியவில்லை. தறிக்கு அடியிலிருந்து கண்ணாடியை எடுத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பார்த்துவிட்டார். "இன்னாத்துக்கு அது?" என்றார். பள்ளியில் ஒளியியல் செய்முறை என்றேன். என்னையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, "பாத்து எடுத்துனு போ, ஒடையப் போவுது" என்றார்.

உங்கள்,
தேவிப்ரியா


வெம்பாக்கம்
10.1.2025

அன்புள்ள தேவி,

மாமா நலம். பொங்கலுக்கு நெல் வந்துவிட்டது.

குரலை உயர்த்தாதே. விழா முடிந்ததும் எனக்கு எழுது. சிவகுமார் முகம் எப்படி இருந்தது என்பது எனக்குத் தேவையில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்து எழுது.

தீபா


ஆரணி
26.1.2025

அன்புள்ள அத்தைக்கு,

ஜெயித்துவிட்டோம்! நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழா. மைதானம் நிறைய நெசவுக் குடும்பங்கள். படத்தை மேடையில் ஒரு மேசைமேல் நிறுத்தியிருந்தார்கள். முதலாளி அரை மணி நேரம் பேசினார். கூரை ஒழுகும் வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் வரைந்து பழகினாராம். என் பக்கத்திலிருந்த வகுப்புத் தோழி அருள்மணி, "அவங்க வூடு அப்பவே மாடி வூடு, தெரியுமா?" என்று என் காதில் சொன்னாள்.

ஒலிவாங்கி என்னிடம் வந்தது. நான் எழுந்து நின்றேன்.

"அய்யா, இந்தப் படத்தை எங்கே உட்கார்ந்து வரைந்தீர்கள்?"

"ஆத்துக்கு இந்தக் கரையில, ஒரு பாறை மேல உக்காந்துகினு. காலையில ஆறு மணிக்கு."

"பார்த்ததில் எதையாவது மாற்றினீர்களா?"

"ஒரு ஓடுகூட மாத்தலம்மா. கண்ணு பாத்ததைத்தான் கை போட்டுது." பயங்கரக் கைதட்டல்.

"அப்படியானால் அந்தச் சைக்கிளுக்குச் சங்கிலி ஏன் இடப்பக்கம் இருக்கிறது?"

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் பக்கம் ஒருவன், "ஸ்பெஷல் மாடல்டா!" என்று கத்தினான். சிரிப்பு பரவியது. முதலாளி திரும்பிப் படத்தைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் அதை இப்போதுதான் பார்க்கிறார் என்று தோன்றியது.

"ஓவியனுக்கு ஒரு சுதந்திரம் உண்டும்மா" என்றார்.

"அந்தப் பெண்ணின் முந்தானை வலது தோளில் இருக்கிறதே, அதுவும் சுதந்திரமா அய்யா?"

தலைமையாசிரியை, "தேவிப்ரியா, போதும், உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் தலைக்குமேல் தூக்கினேன். ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னபடியே நடந்தது, அத்தை. முன்னால் இருந்த நெசவுக்காரர்கள் கண்ணாடியைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள். ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

முள்ளிப்பட்டு அய்யாக்கண்ணு எழுந்தார். "அட, இது தறிக்குப் போட்ட படம்பா! மொகம் கீழ போறதுக்குத் திருப்பிப் போட்டிருக்கு. மொதலாளி, நீங்க எந்தத் தறியில உக்காந்தீங்க? சொல்லுங்க, நானும் பாத்ததில்லயே!"

"யோவ் பெரியவரே, உக்காருய்யா" என்றார் முதலாளி.

"ஏன், பாறை மேல உக்காரட்டுமா?"

மைதானமே சிரித்தது. நான் துண்டைக் கொண்டுபோய் அய்யாக்கண்ணுவிடம் கொடுத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார். "வேணுகோபால் வூட்டுத் தறிக்குப் பாவு பிணைக்கப் போனவன் நான். இதை நெய்தது அவரு பொண்ணு தீபா. நான் பக்கத்துல நின்னுகினு பாத்தேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

முதலாளி, "இந்தப் பழைய படம் எனக்கு எதுக்கு? நீங்களே வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சால்வையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார். ஒலிவாங்கியில் உங்கள் பெயரை நான் சொன்னேன். இன்னொரு முறையும் சொன்னேன்.

திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள் முதலாளியின் ஆள் பழனி வந்து, இந்தச் சேலையோடு சரி, அடுத்த பாவு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா என்னோடு பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. கோபம் போய்விடும், இல்லையா? படம் என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு எப்படி அனுப்பட்டும்?

வெற்றியுடன்,
தேவிப்ரியா


வெம்பாக்கம்
30.1.2025

அன்புள்ள தேவி,

சுகம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அழகாக எழுதியிருக்கிறாய்.

அந்த நாற்காலி எப்போது காலியானது? சைக்கிள் கேள்விக்கு முன்னாலா, என் பெயர் வந்த பிறகா?

படத்தை அனுப்பாதே. தறிக்கு எதிர்ச் சுவரில், நெய்கிறவர் தலை நிமிர்ந்தால் கண்ணில் படும் உயரத்தில் மாட்டு. அண்ணன் எடுக்கச் சொன்னால், நான் மாட்டச் சொன்னேன் என்று சொல். இனி என் பெயரை மறைக்க வேண்டாம்.

அவர் கை எப்படி இருக்கிறது?

தீபா


ஆரணி
16.2.2025

அத்தைக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

சொன்ன உயரத்தில் மாட்டினேன். யார் மாட்டச் சொன்னது என்றும் சொன்னேன். அப்பா மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் நெய்தார். நான்காம் நாள் தறியை நிறுத்திவிட்டு எழுந்து, படத்தின் அருகே போய் அந்த இடது மூலையைத் தொட்டார்.

"அவ பேரு இங்க இருந்துச்சு. திருப்பி எழுதியிருந்தா. பேரு இருந்தா வேணாம்னுட்டாரு சிவகுமாரு. நூல் அறுக்கிற பிளேடால நான்தான் சுரண்டினேன்."

ஏன் என்று கேட்டேன்.

"ரெண்டு தறிக்குப் பாவு தரேன்னாரு. எங்கப்பனுக்கு உடம்பு முடியல. அவ மெட்ராசுக்குப் போயிட்டா அந்த ரெண்டாவது தறியில யாரு உக்கார்றது? அவ கைதான் நல்ல கை." பிறகு, "சைக்கிள்னு நீ சொன்னப்பவே எழுந்துட்டேன்" என்றார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இப்போது நான் எழுதுவதைப் படியுங்கள்.

உங்கள் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி மறுபடி படித்தேன். அப்பாவின் கை வலியைப் பற்றிப் பேசாத கடிதம் ஒன்றுதான், விழாவுக்கு முந்தையது. அதில் அவர் முகத்தைக் கேட்டிருந்தீர்கள். அன்பு என்று நினைத்து, நானும் ஒவ்வொரு முறையும் ஏன் என்று கேட்காமலேயே நொச்சி இலை பறித்துவந்தேன். படம் போனதும் இரண்டு தறிக்கும் பாவு வந்ததைப் பார்த்தவர் நீங்கள்; இரண்டாவது கேள்விக்கான பதில் உங்களுக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும். தெரிந்துதான் முன் வரிசையில் உட்கார வைக்கச் சொன்னீர்கள். நீங்கள் இதை முகம் கீழே வைத்து நெய்தீர்கள். நான் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு, எவ்வளவு அழகாக வருகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

உங்கள் கோபம் தப்பு என்று எழுத மாட்டேன். நானும் அப்பாவோடு பேசுவதில்லை. நீங்கள் இழந்ததற்கு இது குறைவான தண்டனைதான். ஆனால் அவருடைய மகளைக் கொண்டு கொடுப்பதை அந்த மகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் செய்திருப்பேனோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லாமல் செய்துவிட்டீர்கள்.

அய்யாக்கண்ணு வேறு பாவு வாங்கிக் கொடுத்திருக்கிறார். படம் சுவரிலேயே இருக்கிறது, அப்பா எடுக்கச் சொல்லவில்லை. முதலாளியின் கையெழுத்துள்ள அடிச்சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டேன்.

இனி நூலகத்துக்கு எழுத வேண்டாம். எங்கள் வீட்டு முகவரிக்கு, பாலு என்று அப்பா பெயருக்கு எழுதுங்கள். தபால்காரர் தறி ஓடும் நேரத்தில்தான் வருவார். உறையை அவரே பிரிக்கட்டும்.

தேவிப்ரியா


வெம்பாக்கம்
3.3.2025

அண்ணன் பாலுவுக்கு,

தீபா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம்.

உன் பெண்ணுக்கு நான் செய்தது சரியில்லை. அதை அவளிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன், அவள் கூப்பிட்டால். உனக்குச் செய்ததற்கு வருத்தம் இல்லை. வரும் என்று காத்திருந்து பார்த்தேன், வரவில்லை.

போன வாரம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினேன். அந்த வீட்டை மறுபடி வரைய உட்கார்ந்தேன். பனைமரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று மறந்துபோய்விட்டது. நீ தினமும் பார்க்கிறாய். அதைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்து, எனக்கு எழுது. நீயே எழுது, தேவியை எழுதச் சொல்லாதே.

இத்தனை நாள் அவளிடம் கேட்டதை இப்போது நேரே கேட்கிறேன். கை எப்படி இருக்கிறது, அண்ணா? வலது கையைத்தான் கேட்கிறேன். பிளேடு பிடித்த கை.

தீபா